முத்திரை விழாத புத்தகம்

என் பட்டப்பெயர் சந்தேகம். வைத்தது எங்கள் நூலகர்தான். "சார், ஒரு சந்தேகம்" என்று சொல்லாமல் நான் அவர் மேசைப் பக்கம் போனதே இல்லையாம். இப்போதெல்லாம் வாசலில் என் தலை தெரிந்தாலே, "வந்தாச்சு சந்தேகம்!" என்பார்.

பள்ளிக்கூடம் நாலு மணிக்கு முடியும். அம்மா பிஸ்கட் கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலையை முடித்துவிட்டு என்னைக் கூட்டிப் போக வருவதற்கு ஆறரை ஆகிவிடும். நடுவில் இருக்கிற இரண்டரை மணி நேரமும் நான் நூலகத்தில்தான் இருப்பேன். பூட்டிய வீட்டில் தனியாக இருந்தால் கடிகாரச் சத்தம் பெரிதாகக் கேட்கும். நூலகத்திலும் கடிகாரம் உண்டு. ஆனால் அங்கே யாராவது ஒருவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள்.

நூலகம் என்றால் ஒரே ஒரு கூடம். பதினாறு அலமாரிகள், இரண்டு நீள மேசைகள், ஆடுகிற நாற்காலிகள் சில, ஆடாத நாற்காலிகள் சில. வாசலுக்கு நேரே ஒரு விளக்குக் கம்பம். அதில் விளக்கு எரிந்து நான் பார்த்ததில்லை. ஒரு காக்கா மட்டும் தினமும் சாயங்காலம் அதன் மேல் வந்து உட்காரும்.

நூலகர் சார் நல்ல உயரம், நல்ல பருமன். ஆனால் அவருக்குத் தூசி ஆகாது. பழைய புத்தகம் ஒன்றைத் திறந்தால் ஏழு தும்மல். "தண்ணியைப் பார்த்தா பயப்படுற மீன் மாதிரி ஆயிட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் திங்கட்கிழமை அவர் சிரிக்கவில்லை. நகர அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சந்தேகம். என்ன கடிதம் அது?"

"மூணு வருஷமா யாரும் எடுக்காத புத்தகத்தை எல்லாம் மூட்டை கட்டி வைக்கணுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லாரி வருதாம்."

"மூட்டை கட்டி?"

"அரைச்சுக் காகிதக் கூழாக்கிடுவாங்க." என் முகத்தைப் பார்த்ததும் சார் அவசரமாகச் சொன்னார். "முழுசாக் கேளு. எத்தனை புத்தகம் போகுதோ, அத்தனை புதுப் புத்தகம் தருவாங்க. நமக்கு வேண்டிய பட்டியலை லாரியோட குடுத்து விடணும்."

எனக்கு உடனே ஞாபகம் வந்தது நாலாம் பாகம்தான்.

அது ஒரு துப்பறியும் கதை. மூன்றாம் பாகம் முடியும்போது கதாநாயகி ஒரு பாழுங்கிணற்றுக்குள் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பாள். ஒன்றரை வருடமாக அப்படியே தொங்குகிறாள். எங்கள் நூலகத்தில் நாலாம் பாகம் இல்லை.

"எழுதிக்கிறேன், எழுதிக்கிறேன்" என்றார் சார். "ஆனா மத்தவங்க முன்னாடியே கேட்டு வச்ச புத்தகம் நிறைய இருக்கு. அதையெல்லாம் எழுதினப்புறம் கடைசியில உன்னுது."

கேட்டு வைத்த புத்தகங்கள் மொத்தம் இருநூற்றுப் பதிமூன்று. என்னுடையது இருநூற்றுப் பதினாலு. அப்படியென்றால் மூட்டைக்குள் இருநூற்றுப் பதினாலு புத்தகங்கள் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் அவள் கிணற்றுக்குள்ளேயேதான்.

சார் பழைய புத்தகங்களைத் தொட்டால் தும்மலிலேயே வாரம் போய்விடும். அதனால் பிரிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வேலை சுலபம். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். யாராவது புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனால் அதில் சார் தேதி முத்திரை குத்துவார். கடைசி முத்திரை மூன்று வருடத்துக்குள் இருந்தால் புத்தகம் அலமாரிக்கு. இல்லையென்றால் மூட்டைக்கு.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் குனிந்து, நிமிர்ந்து, எண்ணிக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை ஆறு மணிக்கு இருநூற்றுப் பதிமூன்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரிசை. ஜன்னல் பக்கம், தூணுக்குப் பின்னால், கடைசி அலமாரியின் கீழ் வரிசை.

அதில் மற்றவை எல்லாம் அலமாரிக்கே திரும்பின; கடைசியாக இருந்தது அந்தப் புத்தகம். தடிமனானது. மேல் அட்டை போய், பழுப்புத் தாளில் யாரோ அட்டை போட்டிருந்தார்கள். உள்ளே தலைப்பு: "எல்லாச் சமயத்துக்கும் ஏற்ற மாதிரிக் கடிதங்கள்."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தேதிச் சீட்டு வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு முத்திரைகூட இல்லை. ஒட்டின நாளிலிருந்து ஒருவரும் இதை எடுத்துப் போகவே இல்லை.

இருநூற்றுப் பதினாலு! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

ஆனால் புத்தகம் என் கையில் தானாகத் திறந்துகொண்டது. புதுப் புத்தகம் அப்படித் திறக்காது. நிறையப் பேர் திறந்த பக்கம்தான் அப்படித் திறக்கும். அந்தப் பக்கத்தின் நடுவில் பச்சை நூல் துண்டு ஒன்று கிடந்தது. வேறு ஒரு பக்கத்தின் ஓரத்தில் கறுப்பு எண்ணெயில் ஒரு கட்டைவிரல் ரேகை. இன்னொரு பக்கத்தில் கிழிந்த பஸ் டிக்கெட்.

யாருமே எடுக்காத புத்தகத்துக்குள் இதெல்லாம் எப்படி வந்தது?

நான் யோசித்துப் பார்த்தேன். யாரோ ஒருவர் இருக்கிறார். அவர் துணி தைக்கிறார். அந்தக் கையோடு வண்டிக்கு எண்ணெய் போடுகிறார். பிறகு பஸ் ஏறிப் போகிறார். அப்படி யார் இருக்கிறார்கள்? யோசிக்க யோசிக்கத் தலைக்குள் நூல் சிக்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

"சார், ஒரு சந்தேகம்!"

சார் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. "சீல் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

"அப்ப மூட்டை."

"ஆனா உள்ள ஒரே அழுக்கா இருக்கு சார்."

"அழுக்கு வேறயா? அப்ப சீக்கிரமா மூட்டை. ஹச்!"

விதி என்னவோ அதைத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டாவது மூட்டையில் எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் புத்தகத்தை வைத்தேன். கட்டுவதற்குச் சணல் தீர்ந்துவிட்டது. என் தலையிலிருந்த நீல ரிப்பனை அவிழ்த்துக் கட்டிவிட்டேன்.

முடிச்சை இரண்டு தடவை இறுக்கினேன்.

அன்று அம்மா, "ரிப்பன் எங்கடி?" என்று கேட்டபோது, "மூட்டைக்குப் போட்டுட்டேன்" என்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அலுப்பாக இருக்கிற நாட்களில் அம்மா என்னிடம் விளக்கம் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை நான் போனபோது பன்னிரண்டு மூட்டைகளும் வாசலில் வரிசையாக நின்றன. லாரி ஐந்தரைக்குத்தான் என்றார் சார்.

நான் கடைசி அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் சைக்கிள் கடைக்காரர் வந்தார். யாரையும் பார்க்காமல் நேரே அந்தக் கீழ் வரிசைக்கு வந்து குனிந்தார். கையை விட்டுத் துழாவினார். பிறகு அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"என்ன தேடுறீங்க அண்ணே?"

"ஒண்ணுமில்ல பாப்பா. சும்மா." அவர் போய்விட்டார். சும்மா யாராவது அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்களா?

அடுத்து பஸ் கண்டக்டர் வந்தார். தோளில் பையோடு, சத்தம் போடாமல் நடந்து, அதே இடத்துக்கு.

"பாப்பா, இது கடைசி அலமாரிதானே?"

"ஆமா."

"கீழ் வரிசை இதானே?"

"ஆமா. இதுக்குக் கீழ தரைதான்."

"அப்ப நான்தான் எங்கயோ மாறிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு அலமாரியாக எண்ணியபடி வாசல் வரைக்கும் போய், திரும்ப எண்ணிக்கொண்டே வந்து, அதே இடத்தில் நின்றார். பிறகு மணியைப் பார்த்துவிட்டு ஓடினார்.

எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் மீதியைப் புரிந்துகொள்ளாமல் வாய்ப்பாட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தையற்கார அக்கா வந்தார். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து நடைபாதையில் ஒரு தையல் எந்திரத்தை வைத்துக்கொண்டு கிழிந்த துணி தைத்துக் கொடுப்பவர். என் பள்ளிப் பையின் வாருக்கு இரண்டு தடவை தையல் போட்டிருக்கிறார். அவரும் நேரே கீழ் வரிசைக்கு வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, என்ன ஆச்சு?"

"இங்க ஒரு புக்கு இருக்கும் பாப்பா. பழுப்பு அட்டை போட்டது. நேத்து மதியம்கூட இருந்துச்சு." அவர் கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. "யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க போல. யாருமே எடுக்க மாட்டாங்களே!"

"அது எதுக்கு அக்கா?"

அவர் கூடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "நடைபாதையில இருக்கிற கடையை எல்லாம் எடுக்கச் சொல்லிட்டாங்க. புது மார்க்கெட்டுல உள்ள கடை தர்றாங்களாம். எழுதிக் கேக்கணும். நாளைக்கு மதியத்தோட கடைசி. அந்தப் புக்குல அப்படியே ஒரு கடிதம் இருக்கு. நேத்துப் பார்த்து எழுதிட்டே இருந்தேன், கடைக்கு ஆள் வந்து கூப்பிட்டாங்க. பாதியில விட்டுட்டுப் போயிட்டேன்."

தாளைப் பிரித்துக் காட்டினார். மணி மணியான கையெழுத்து. கடைசி வரிகள் இப்படி இருந்தன:

"என் குடும்பத்தின் ஒரே வருமானம் இந்தத் தையல் எந்திரம் மட்டுமே. ஆகவே ஐயா அவர்கள்"

அவ்வளவுதான்.

"ஆகவே ஐயா அவர்கள்... அப்புறம் என்ன பண்ணணும்னு தெரியல" என்றார் அக்கா. "நல்லா இருக்கணும்னு எழுதிடலாமா?"

நானும் மனதுக்குள் முடித்துப் பார்த்தேன். "ஆகவே ஐயா அவர்கள் இடம் கொடுங்கள்." பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்கிற மாதிரி இருந்தது.

அக்காவின் சட்டைக் கையில் பச்சை நூல் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

அந்த விசித்திரமான ஒரே ஆள் என் தலைக்குள்ளிருந்து எழுந்து, மூன்று பேராகப் பிரிந்து போனார். நூல் அக்காவுடையது. எண்ணெய் விரல் சைக்கிள் கடைக்காரருடையது. டிக்கெட் கண்டக்டருடையது. இன்னும் எனக்குத் தெரியாத எத்தனை பேரோ. யாரும் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ஒரு கடிதம் எழுதுகிற நேரத்துக்கு மட்டும் எடுத்து, இங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாரிடம்கூட யாரும் கேட்டதில்லை. ஒரு கடிதம் எழுத ஒரு புத்தகம் வேண்டியிருக்கிறது என்று சொல்லப் பெரியவர்களுக்குக் கூச்சம் போல.

ஒரு குழப்பம் தீர்ந்தது. அதைவிடப் பெரியது ஒன்று வந்தது.

புத்தகம் எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் இருநூற்றுப் பதிமூன்று. சொல்லாவிட்டால் நாலாம் பாகம். விதிப்படி நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. அப்புறம் ஏன் காது சூடாகிறது?

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. லாரி சீக்கிரமே வந்துவிட்டது.

அக்கா தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். "சரி பாப்பா, வரேன். ஏதாவது எழுதிக் குடுத்துப் பார்க்கிறேன்."

அந்த "ஏதாவது" என்ற சொல் என்னைப் பிடித்துத் தள்ளியது. நான் எழுந்து ஓடினேன்.

"அண்ணா! நிறுத்துங்க! ரிப்பன் மூட்டை!"

லாரிக்காரர் பத்து மூட்டைகளை ஏற்றிவிட்டிருந்தார். பதினொன்றாவது அவர் தோளில் இருந்தது. ரிப்பன் கட்டிய மூட்டை லாரியின் மூலையில் சாய்ந்திருந்தது.

"மூட்டைக்கு ரிப்பன் கட்டி அனுப்புறதை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் அவர். "பூ வைக்கலையா?"

"அதுக்குள்ள ஒரு புத்தகம் இருக்கு அண்ணா. எடுக்கணும்."

"பன்னெண்டு மூட்டைன்னு ரசீது போட்டாச்சு பாப்பா."

"மூட்டை பன்னெண்டாத்தானே இருக்கும்? ஒரு புத்தகம் குறைஞ்சா மூட்டை குறையுமா?"

அவர் யோசித்தார். மறுபடி யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று மூட்டையை இறக்கிக் கொடுத்தார்.

சத்தம் கேட்டு சார் வெளியே வந்தார். "என்ன நடக்குது இங்க?"

"சார், ஒரு சந்தேகம்."

"லாரி நிக்குறப்பவா?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாம, இங்கயே உக்காந்து படிச்சா, அது படிச்சதா, படிக்காததா?"

நான் ரிப்பனை அவிழ்த்துப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வெள்ளைச் சீட்டைப் பார்த்தார். பிறகு எண்ணெய் விரலைப் பார்த்தார். பஸ் டிக்கெட்டைப் பார்த்தார். வாசலில் நின்ற தையற்கார அக்காவைப் பார்த்தார். தும்ம வேண்டியவர் தும்மவே மறந்துவிட்டார்.

"இருபது வருஷமா நான் சீட்டைத்தான் பார்த்துட்டு இருந்திருக்கேன்" என்றார் மெதுவாக. "தூணுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு எட்டிப் பார்த்ததே இல்ல."

அவரையும் குழப்பிவிட்டேனே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தார். "இது வெளிய வந்தா இருநூத்துப் பதிமூணுதான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"கடைசியா இருக்கிறது எதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"கிணத்துக்குள்ள ஒருத்தி தொங்குறாளே?"

"அவ கயித்தைக் கெட்டியாப் பிடிச்சிருக்கா சார்."

சார் கடைசி வரியின் மேல் ஒரு கோடு போட்டார். பேனாச் சத்தம் எனக்குக் கேட்டது. லாரிக்காரர் பட்டியலை வாங்கிக்கொண்டு, மூட்டையை மறுபடியும் அதே ரிப்பனால் கட்டி ஏற்றிக்கொண்டு போனார்.

அக்கா நீள மேசையில் உட்கார்ந்து மீதியை எழுதினார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். "ஆகவே ஐயா அவர்கள் என் நிலையைக் கருத்தில் கொண்டு, புதிய சந்தையில் கடை ஒன்று ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"அம்மாடி! ஐயா அவர்களுக்கு இவ்வளவு வேலை இருக்கா?" என்றார் அக்கா. "நான் 'நல்லா இருக்கணும்'னு முடிச்சிருப்பேன்."

சார் தன் மேசையில் முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "இந்த வருஷம் காப்பாத்திட்டோம். அடுத்த வருஷமும் இதே கடிதம் வரும். இதே வெள்ளைச் சீட்டு இருக்கும். என்ன பண்றது?"

"இங்கயே படிச்சாலும் சீல் குத்தலாமே சார்?"

"விதியில அப்படி இல்லையே."

"விதியை மாத்துங்கன்னு எழுதிக் கேக்கலாமே. எப்படி எழுதுறதுன்னுதான் புத்தகம் இருக்கே!"

சார் என்னையே பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து மையில் தொட்டு, வெள்ளைச் சீட்டின் முதல் கட்டத்தில் ஓங்கிக் குத்தினார். அந்தப் புத்தகத்தில் விழுந்த முதல் முத்திரை அது. "எடுத்துட்டுப் போ. நாளைக்குக் காலையில வந்துடணும். கண்டக்டர் தேடுவார்."

வீட்டில் அம்மா சமையலறையில் இருக்கும்போது நான் புத்தகத்தைப் புரட்டினேன். நூலகத்துக்காக எழுதும் கடிதம் அதில் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் என் விரல் நின்றுவிட்டது. தலைப்பு: "வருட நடுவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளக் கோரி." ஒவ்வொரு வரியின் முன்னாலும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

அந்தப் புள்ளி எனக்குத் தெரியும். கடைக்குப் போகும்போது அம்மா சாமான் பட்டியலில் வைக்கிற புள்ளி அது. அழுத்தி வைத்து, லேசாக வால் இழுத்த புள்ளி.

"அம்மா, இது நீ வச்சதா?"

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. "இந்தப் புக்கு இன்னும் இருக்கா? புள்ளியை அழிக்கணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்."

"இதைப் பார்த்தா எழுதின?"

"இந்த ஊருக்கு வந்த புதுசு. தலைமை ஆசிரியர் எழுதிக் குடுங்கன்னுட்டாரு. பேனா கையில இருக்கு, வார்த்தை வரல. ரெண்டு நாள் உக்காந்து எழுதினேன். எந்த வரி வரைக்கும் வந்தேன்னு தெரியணுமில்ல, அதுக்குத்தான் புள்ளி."

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அம்மாவின் கடிதம்தான் என்று நான் எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். இப்போது பெருமைப்படுவதா, இல்லையா என்று தெரியவில்லை.

"நீயே எழுதினன்னு நினைச்சேன்" என்றேன்.

"நானேதான் எழுதினேன்" என்றாள் அம்மா. "உன் பேரு அந்தப் புக்குல இல்லையே!"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். இந்தப் புத்தகத்தை நேற்று நான் மூட்டைக்குள் வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே.

பிறகு எழுத உட்கார்ந்தேன். நகர அலுவலகத்துக்கு எழுதுகிற மாதிரி இருந்தது ஒரே ஒரு கடிதம்தான். "தெருவிளக்கு எரியாதது குறித்து." அதையே வைத்துக்கொண்டேன். விளக்கு என்று வருகிற இடத்தில் புத்தகம் என்று போட்டேன். தெரு என்று வருகிற இடத்தில் நூலகம். மேசையில் உட்கார்ந்து படிப்பவர்களைப் பற்றி நானே நாலு வரி சேர்த்தேன். அம்மாவின் கடிதம், அக்காவின் கடிதம், பெயர் போடாமல் எல்லாம் எழுதினேன். கடைசிப் பகுதிக்கு வரும்போது கண் சொக்கியது. இருந்தாலும் முடித்துவிட்டேன்.

சனிக்கிழமை சார் உறையில் போட்டு அனுப்பினார். "நான் படிச்சுப் பார்க்கல. நீ எழுதினது நீ எழுதினபடியே போகட்டும்" என்றார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சார் எழுந்து நின்று படித்தார்.

"'தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் உள்ள கருத்து நியாயமானதே. இனி நூலகத்திலேயே அமர்ந்து படிக்கப்படும் நூல்களையும் கணக்கில் சேர்த்து, சீட்டில் முத்திரையிடலாம்.'"

நான் கைதட்டினேன். சைக்கிள் கடைக்காரரும் தூணுக்குப் பின்னாலிருந்து கைதட்டினார்.

"இரு, இன்னும் இருக்கு." சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "'எனினும், இதனால் பெண்களும் முதியோரும் இருட்டில் தடுமாறி விழுகின்றனர் என்று எழுதியுள்ளீர்கள். இது எங்களுக்குப் பெருங்குழப்பமாக உள்ளது. நூலகத்துக்குள் ஏன் இருட்டு? விழுந்தவர்கள் யார்? உடன் தெரிவிக்கவும்.'"

எனக்குப் புரிந்துவிட்டது. தெருவிளக்குக் கடிதத்தின் கடைசி வரியை நான் மாற்றாமல் அப்படியே எழுதிவிட்டிருக்கிறேன்! மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று இருந்தது.

"யார் விழுந்தா?" என்று சார் கேட்டார்.

"யாரும் விழல சார். நான்தான் தெரியாம..."

"நான் விழுந்தேன்" என்றார் நீள மேசையில் உட்கார்ந்திருந்த கண்டக்டர். "போன மாசம். வாசல் படியில. ஏழு மணிக்கு இங்கேயிருந்து போறப்ப."

"நானும்தான்" என்றார் சைக்கிள் கடைக்காரர். "சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

சார் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். கம்பமும் அதன் மேல் காக்காவும் அப்படியே இருந்தன. அவர் மெல்லச் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு தும்மலாகி, ஏழு தும்மலும் முடிந்த பிறகு சொன்னார்: "எழுது சந்தேகம். வாசல்ல தெருவிளக்கு எரியலன்னு எழுது."

எழுதினேன். அந்தக் கடிதத்தில் இந்த முறை ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

தையற்கார அக்காவுக்கு மார்க்கெட்டில் ஒன்பதாம் எண் கடை கிடைத்தது. ஜன்னல் இல்லை, ஆனால் கூரை இருக்கிறது. லாரியோடு போன ரிப்பனுக்குப் பதிலாக எனக்குப் பச்சை ரிப்பன் தைத்துக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தின் தேதிச் சீட்டு ஒரு மாதத்தில் நிரம்பி, அதன் மேல் இன்னொன்று ஒட்டினோம். நாலாம் பாகம் வரவில்லை. அடுத்த பட்டியலில் முதல் எண் அதுதான் என்று சார் எழுதி, என் முன்னாலேயே அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறார்.

நேற்று ஆறரைக்கு அம்மா என்னைக் கூட்டிப் போக வந்தபோது, வாசல் விளக்கு எரிந்தது. படிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. நாங்கள் தடுமாறாமல் இறங்கினோம்.

காக்காதான் ரொம்பக் குழம்பிப்போய், எதிர் வீட்டுச் சுவரில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.